யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் வீடு எடுக்கலாம்?

கேள்வி: அக்கா, நாங்கள் கலியாணம் கட்டின நாளில் இருந்து கொழும்பு வெள்ளவத்தையில்தான். வருகிற தையில் யாழ்ப்பாணத்துக்கு வருகிறோம். எனக்கு யாழ். பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் வேலை, அவருக்குக் கைதடியில் ஒரு அலுவலகத்தில். மகள் தையில் நாலாம் வகுப்பு. மகனுக்கு நாலு வயது, அதற்கடுத்த வருடம் முதலாம் வகுப்பு. நான் மன்னார், கத்தோலிக்கம். அவர் கரவெட்டி, சைவம். இங்கே பிள்ளைகளுக்கு எல்லாச் சமயத்திலும் சிநேகிதர் இருக்கிறார்கள், அது அங்கேயும் கிடைக்க வேண்டும், பள்ளிக்கூடமும் நல்லதாக இருக்க வேண்டும், போய்வருவதிலேயே நாள் முடியவும் கூடாது. அவருடைய சிநேகிதர் ஒருவர் வண்ணார்பண்ணையில் யாழ். இந்துக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாங்கிவிடச் சொல்கிறார். மாமி கரவெட்டிக்கே வந்து இருக்கச் சொல்கிறா. நாங்கள் என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, வாங்க வேண்டாம். முதல் ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம், வாடகைக்கு இருங்கள். அந்தச் சிநேகிதர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொல்கிற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஏன் என்றால், அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் முதலாம் வகுப்புக்கு எடுக்கும்போது கிட்ட இருக்கிறவர்களுக்கென்று பாதி இடம் ஒதுக்குகிறார்கள், 50 வீதம், அது உண்மை. ஆனால் கிட்ட என்பதை வீட்டுப் படலையில் நின்று பார்த்துச் சொல்வதில்லை. வாக்காளர் இடாப்பில் தாய் தகப்பனின் பெயர் அந்த முகவரியில் எத்தனை வருடமாக இருக்கிறது என்று ஐந்து வருடம் வரை பின்னுக்குப் போய்ப் பார்ப்பார்கள், காணி உறுதி உங்கள் பெயருக்கு வந்து எவ்வளவு காலம் என்று பார்ப்பார்கள், உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கிற பள்ளிக்கும் நடுவில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசாங்கப் பள்ளிகள் எத்தனை இருக்கிறதோ ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறைப்பார்கள். தையில் வந்து இறங்குகிற உங்களுக்கு இந்த வரிசையில் என்ன கிடைக்கும்? மகனுக்கான விண்ணப்பத்தை வந்த வருடத்தின் நடுவிலேயே கேட்டுவிடுவார்கள், அதற்குள் இடாப்பில் பெயர் ஏறியிருந்தாலே பெரிய விசயம். இன்னொன்று, யாழ். இந்துக் கல்லூரியில் சின்ன வகுப்புகள் இல்லை. பக்கத்தில் இருக்கிற யாழ். இந்து ஆரம்பப் பாடசாலை தனிப் பள்ளிக்கூடம், அங்கே இடம் கிடைப்பதும் லேசு இல்லை. ஆக, கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குகிற அந்த வீடு மகனுடைய முதலாம் வகுப்புக்கு உதவாது.

பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம் உண்டு, அண்ணன் அக்கா படிக்கிற பள்ளி என்றால் 15 வீதம். இந்த இரண்டாவதைக் கொஞ்சம் யோசியுங்கள். மகளை நாலாம் வகுப்புக்கு ஒரு கலவன் பாடசாலையில் சேர்த்தால் அடுத்த வருடம் தம்பிக்கும் அந்த வாசல் கொஞ்சம் திறக்கும். நடுவகுப்பில் வெற்றிடம் இருந்தால்தான் சேர்ப்பார்கள், அதனால் நீங்கள் நினைக்கிற இரண்டு மூன்று பள்ளிகளின் அதிபர்களிடம் மார்கழிக்கு முன்னமே நேரில் போய்க் கேளுங்கள். ஃபோனில் கேட்டால் “பார்ப்பம்” என்பார்கள், அவ்வளவுதான்.

மகளுடைய கதை வேறு. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை, 200 புள்ளிக்கு, அதில் எடுக்கிற புள்ளியை வைத்துத்தான் வேம்படியோ இந்து மகளிரோ ஆறாம் வகுப்புக்கு எடுக்கும். வீடு எங்கே என்று அப்போது யாரும் அளக்கப்போவதில்லை. அதற்காக நாலாம் வகுப்பிலேயே பிள்ளையை மூன்று ரியூஷனுக்கு இழுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே அக்கம்பக்கம் எல்லாம் இழுக்கும், நீங்களும் ஒன்றுக்காவது அனுப்புவீர்கள், அதையும் சேர்த்துத்தான் வீடு பார்க்க வேண்டும்.

அரசாங்கப் பள்ளிதான் வேண்டும் என்று இல்லையென்றால் சுண்டுக்குளியில் 1823 இல் தொடங்கிய பரியோவான் கல்லூரியும், 1896 இல் தொடங்கிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டும் அங்கிலிக்கன் திருச்சபையின் தனியார் பள்ளிகள், கட்டணம் உண்டு, மேலே சொன்ன புள்ளிக் கணக்கு அங்கே இல்லை, அவர்களே நேரில் பார்த்து எடுப்பார்கள். ஒன்றில் இருந்து மற்றதுக்கு நடந்தே போகலாம். உங்களைப் போல வேலைக்குப் போகிற தாய் தகப்பனுக்கு அது சின்ன வசதி இல்லை.

மாமியின் யோசனையைப் பற்றி. படிப்பில் மாமி சொல்வதில் பிழை இல்லை. விக்னேஸ்வராவும் நெல்லியடி மத்திய கல்லூரியும் கிட்ட, பருத்தித்துறைக்குப் போனால் ஹாட்லியும் மெதடிஸ்தும், பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஆளும் இருக்கும். ஆனால் கரவெட்டியில் இருந்து திருநெல்வேலி ஒரு பக்கம் 25 கிலோமீற்றர் அளவு, பஸ் என்றால் ஒரு மணித்தியாலம் சும்மா போய்விடும், கார்த்திகை மழையில் வல்லை வெளியைக் கடந்து ஸ்கூட்டியில் வாறது என்றால் நான் விடமாட்டேன். அவருக்குக் கைதடியும் அங்கிருந்து கிட்ட இல்லை. இரண்டு பேரும் காலை ஆறரைக்கு வெளிக்கிட்டு ஆறு மணிக்கு வந்தால் பிள்ளைகள் முழுக்க மாமியின் பொறுப்பு, அவவும் எத்தனை நாளைக்குத் தாங்குவா? சனி ஞாயிறு கரவெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், மாமிக்கும் அதைச் சொல்லுங்கள்.

சரி, எந்தப் பக்கம். உங்கள் இரண்டு வேலையிடத்தையும் வைத்துப் பார்த்தால் என் மனத்தில் இரண்டு இடம்தான் நிற்கிறது, ஒன்று சுண்டுக்குளி, மற்றது கல்வியங்காடு. சுண்டுக்குளி கண்டி வீதியிலேயே இருக்கிறது, அவர் அரியாலை, நாவற்குழிப் பாலம் என்று நேரே கைதடிக்குப் போகலாம், காலையில் எல்லாரும் ரவுணுக்குள் வரும்போது அவர் வெளியே போகிறார், அதனால் நெரிசல் எதிர்ப் பக்கம். நீங்கள் நல்லூரால் போனால் வளாகம் நாலைந்து கிலோமீற்றர்தான். வாடகை கூட, வளவு சின்னன், கடல்நீரேரிப் பக்கம் போகப்போகக் கிணற்றுத் தண்ணி உவர். கல்வியங்காடு என்றால் உங்களுக்கு ஆடியபாதம் வீதியால் வளாகத்துக்குச் சைக்கிளிலேயே போகலாம், அவர் இருபாலை, கோப்பாய் போய்க் கோப்பாய்–கைதடி வீதியைப் பிடித்தால் ரவுணைத் தொடவே தேவையில்லை. சந்தை பக்கத்தில், செங்குந்தா இந்துக் கல்லூரி பக்கத்தில். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதியை மூடுவார்கள், அந்த நாட்களில் ரவுணுக்குப் போக வேண்டும் என்றால் சுற்றித்தான் போக வேண்டும், அது ஒரு கரைச்சலே இல்லை.

கொக்குவில், கோண்டாவில், இணுவில் எல்லாம் நல்ல ஊர்கள்தான், பள்ளிக்கும் குறைவில்லை. ஆனால் அவருக்குக் கைதடி தூரமாகும். அந்தப் பக்கம் யாராவது வீடு காட்டினால் பள்ளிக்குப் போகிற வழியில் பிள்ளைகள் தண்டவாளத்தைக் கடக்க வேண்டுமா, அங்கே கடவை போட்டு ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள். கோட்டைப் பக்கம், நாவாந்துறைப் பக்கம் பள்ளமான ஒழுங்கைகளில் மழைக்கு வெள்ளம் நிற்கும். எந்த வீடாக இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த அடுத்த நாள் ஒருக்கால் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா வீடும் அழகுதான்.

தண்ணி பற்றி ஒரு வார்த்தை கட்டாயம் சொல்ல வேண்டும், வெள்ளவத்தையில் குழாயைத் திறந்து பழகின ஆள் நீங்கள். இங்கே நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடுகிற உரமும் மலசலகூடக் குழியும் அதன் வெடிப்புகளால் நேரே கிணற்றுக்கு இறங்கும், திருநெல்வேலி, கோண்டாவில், கோப்பாய் போன்ற தோட்டப் பக்கங்களில் நைத்திரேற்று என்கிற உப்பு தண்ணியில் கலந்திருப்பது ஒரு பிரச்சினை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. முற்பணம் கொடுக்க முதல் ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணியை எடுத்து ஆய்வுக்குக் கொடுங்கள், மலசலகூடக் குழி கிணற்றில் இருந்து எவ்வளவு தூரம் என்றும் உங்கள் கண்ணால் பாருங்கள். வீட்டுக்காரர் “எங்கட தண்ணி கற்கண்டு” என்றுதான் சொல்வார்.

இனி நீங்கள் முதலில் கேட்டது, எல்லாரோடும் பழகி வளர்வது. யாழ்ப்பாணம் வெள்ளவத்தையாக இருக்கப்போவதில்லை, அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். இங்கே பிள்ளையின் வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள்தான். ஐந்து சந்தி, சோனகதெருப் பக்கம் இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றினார்கள், திரும்பி வந்தவர்கள் ஒரு பகுதிதான். ஒஸ்மானியாக் கல்லூரி இன்றைக்கும் அங்கே நடக்கிறது, உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் சிநேகிதர் வேண்டும் என்றால் நீங்கள்தான் கொஞ்சம் வெளிக்கிட்டுப் போக வேண்டும். சைவம், கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்து கலந்து இருப்பது சுண்டுக்குளிப் பக்கம், குருநகரும் பாஷையூரும் பெரும்பாலும் கத்தோலிக்கம். இது போதாதா என்றால் உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு சமயம் இருக்கிறதே, முதலில் அந்த இரண்டுக்கும் இடம் தேட வேண்டும். பள்ளியில் சமயம் ஒரு பாடம், ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: சைவசமயத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும், இரண்டுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா? இல்லாத பள்ளியில் உங்கள் பிள்ளை அந்தப் பாட நேரத்தில் தனியாக ஒரு மூலையில் இருக்கும், அது நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்லது இல்லை.

வீடு பார்க்கப் போகும்போது உங்களிடமும் கேள்வி வரும். “நீங்கள் கரவெட்டியில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி?” என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். அது ஊர் விசாரிப்பு இல்லை, சாதி விசாரிப்பு என்று உங்கள் அவருக்குத் தெரியும். நல்லூரைச் சுற்றி “மச்சம் சமைக்கக்கூடாது” என்று சொல்கிற வீடுகளும் உண்டு, மன்னார் ஆளுக்கு அது சரிவராது, முகத்துக்காக ஓம் என்று சொல்லிவிட்டு ஒளிச்சு மீன் பொரிக்கவும் வேண்டாம். இந்த இரண்டில் எதைக் கேட்டாலும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள். அந்த ஒழுங்கையில் உங்கள் பிள்ளைகளை யார் வீட்டுக்குள் விளையாட விடுவார்கள், யார் விடமாட்டார்கள் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், தனியார் பள்ளிக் கட்டணம் கட்டுப்படியாகும், அங்கே இடமும் கிடைத்தது என்றால் சுண்டுக்குளி. இல்லையென்றால் கல்வியங்காடு. இரண்டிலும் ஒரு வேலைநாளில் காலை ஆறே முக்காலுக்கு வீட்டடியில் இருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து இரண்டு வேலையிடம் என்று ஒருக்கால் ஓடிப் பாருங்கள், பள்ளி ஏழரைக்குத் தொடங்கும். பள்ளி விட்டபிறகு ஐந்து மணிவரை பிள்ளைகள் யாரோடு என்பதையும் இப்போதே முடிவெடுங்கள். பள்ளி வானில் இடம் பிடிப்பது வீடு பிடிப்பதைவிடக் கஷ்டம்.

பிறகு வாங்குகிற யோசனை வந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டுரிமைக்காரருக்கு அந்தக் காணியை முதலில் கேட்கிற உரிமை உண்டு, பங்காளிகளில் பாதிப் பேர் கனடாவில் இருப்பார்கள், ஆகவே உறுதியை நல்ல சட்டத்தரணியிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தைக் குறைந்தது இரண்டு வருடத்துக்கு எழுத்தில் எடுங்கள், குடிவந்த கிழமையே விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய்ப் பதிந்து, அடுத்த இடாப்புத் திருத்தத்தில் இரண்டு பேரின் பெயரையும் ஏற்றிவிடுங்கள். மகனுக்கு உதவாவிட்டாலும் அந்த வருடக் கணக்கு அன்றைக்குத்தான் ஓடத் தொடங்கும்.