மரியா மில்லிஸின் கடிகாரம்

வணக்கம் ஐயா,

நிலக்கரிச் சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகளை வேலை வாங்குவதைச் சட்டத்தால் தடுத்தவர் என்று, விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைப் பெரிதும் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அவர் ஏழாவது ஏர்ல் (பரம்பரைப் பிரபுப் பட்டம்), பெரும் பண்ணைக்கு வாரிசு. பசி என்றால் என்னவென்றே தெரியாதவருக்கு ஏழைப் பிள்ளைகள் மேல் அக்கறை எங்கிருந்து வரும்? பெரிய இடத்துக்காரர்கள் எழுதும் புண்ணியக் கணக்குதானே இதுவும்?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

அவருக்குப் பசி தெரியும். ஆந்தனி என்பது அவர் இயற்பெயர். 1801இல் பிறந்த அவரையும் அவர் சகோதரிகளையும் பெற்றோர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அரைவயிற்றோடும் குளிரோடும் அந்த மாளிகையில் நாட்கள் கழிந்ததை முதுமையிலும் அவர் மறக்கவில்லை. அன்பு காட்டியது ஒரே ஒருவர், வீட்டுப் பணிப்பெண் மரியா மில்லிஸ். மடியில் உட்கார்த்திக் கதை சொல்லி, ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர். பையன் பள்ளியில் படிக்கும்போதே அவர் இறந்துபோனார். தன் தங்கக் கடிகாரத்தை அவனுக்கென்று எழுதிவைத்திருந்தார். ஷாஃப்ட்ஸ்பரி கடைசிவரை வேறு கடிகாரம் கட்டவில்லை. உலகத்தில் தனக்கு வாய்த்த மிக நல்ல சிநேகிதி தந்தது என்று எடுத்துக் காட்டுவாராம்.

இப்போது அந்தக் காலத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுக்கு வாருங்கள். காற்றோட்டக் கதவருகே ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். கரிவண்டி வந்தால் கயிற்றை இழுத்துக் கதவைத் திறக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், பெரும்பாலும் விளக்கில்லாமல், தன்னந்தனியாக. பிள்ளைகளின் வேலை பற்றி ஆராய்ந்த அரசு விசாரணைக் குழுவின் அறிக்கையில் இதைப் படித்தபோது ஷாஃப்ட்ஸ்பரிக்குத் தன் பிள்ளைப்பருவம் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். அவர் கொண்டுவந்த 1842 சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களையும் சுரங்கத்துக்குள் விடக்கூடாது என்றது.

ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. தொழிலாளிக்கு ஓட்டுரிமை தருவதை அவர் எதிர்த்தார். அது எனக்கும் ஒப்பவில்லை. அப்புறம், 1851இல் பண்ணை கைக்கு வந்தபோது கூலியாட்களின் குடிசைகள் இடிந்து கிடந்தன, கூடவே கடனும் வந்தது. மேலும் கடன் வாங்கித்தான் வீடுகளைச் சரிசெய்தார். புண்ணியக் கணக்கு எழுதுகிறவர் அதற்காகக் கடனாளியாவாரா?

மனைவி மினிக்கும் அவருக்கும் பத்துப் பிள்ளைகள். தனக்குக் கிடைக்காததையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்தார். இரண்டாவது மகன் பிரான்சிஸ் 1849இல் ஹாரோ பள்ளியிலேயே இறந்தான், பதினாறு வயதில். வலிப்பு நோயால் வாடிய இன்னொரு மகன் மோரிஸ் 1855இல் போனான்.

1885இல் ஷாஃப்ட்ஸ்பரி இறந்தபோது, மன்னர்களும் பெரியவர்களும் அடக்கமாகியுள்ள லண்டன் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் தர முன்வந்தார்கள். வேண்டாம், ஊரிலேயே புதையுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். விம்போர்ன் செயின்ட் கைல்ஸ் என்ற அந்தச் சிற்றூர்த் தேவாலயத்தில்தான் பதிமூன்று ஆண்டுக்கு முன் மினியை அடக்கம் செய்திருந்தார்கள்.