இரண்டரை மணிக்கு வரும் முழிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 71 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் தனியாக இருக்கிறேன். கணவர் போய் இரண்டு வருடம், மகன் டொரன்டோவில். இரவு எட்டரைக்கே படுத்து ஒன்பதுக்கெல்லாம் நித்திரையாகிவிடுவேன். இரண்டரைக்கு யாரோ தட்டி எழுப்பினது போல முழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும். கதவுத் தாழ்ப்பாளைப் போய்ப் பார்ப்பேன், பிறகு போனை எடுத்து மகன் கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பில் இருந்தான் என்று பார்ப்பேன். விடியும்வரை இதே பாடுதான். மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்றரை மணித்தியாலம் கண் அயர்ந்துவிடும். ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் பிரச்சினை இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய நித்திரைக் குளிசையில் பாதி தருகிறார். போடலாமா?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: அக்கா, குளிசைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒன்பதிலிருந்து இரண்டரை வரை ஐந்தரை மணித்தியாலம், மத்தியானத்தில் ஒன்றரை, ஆக ஏழு. 65 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 7 முதல் 8 மணித்தியாலம் போதும். உங்களுக்கு நித்திரை குறையவில்லை, இடம் மாறிக் கிடக்கிறது. எட்டரைக்குப் படுத்தால் இரண்டரைக்கு உடம்பு "சரி, முக்கால்வாசி முடிந்தது" என்று எழும்பத்தான் செய்யும். வயது போகப் போக ஆழ்ந்த நித்திரையும் குறையும், உடம்புக் கடிகாரமும் முன்னுக்கு ஓடும். இருபது வயதில் இடி விழுந்தாலும் எழும்பாதவர்கள் இப்போது லிஃப்ட் சத்தத்துக்கே முழிப்போம்.

ஆனால் முழிப்பு வேறு, பயம் வேறு. முழித்ததும் தாழ்ப்பாள், பிறகு போன். அந்த நேரம் டொரன்டோவில் பின்னேரம் நாலு, ஐந்து மணி, மகன் வேலை முடிந்து ரோட்டில் இருப்பார். வாட்ஸ்அப்பில் அவரைக் காணவில்லை என்றதும் உங்கள் மனம் பனியையும் விபத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. இதை அதே கட்டிலில் இரவிரவாகச் செய்தால் கட்டிலைக் கண்டாலே நெஞ்சு அடிக்கப் பழகிவிடும். கணவர் படுத்த பக்கம் வெறுமையாக இருப்பதும் சும்மா விடாது, தெரியும்.

ஆகவே போனை இரவில் ஹோலில் வையுங்கள், ரிங் சத்தம் மட்டும் இருக்கட்டும். மகனோடு கதைக்க ஒரு நேரத்தைப் பிடியுங்கள். இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே முதல் நாள் இரவு எட்டரை அல்லது ஒன்பதரை, இருவருக்கும் தோது. இரவில் தேட வேண்டிய ஆள் காலையில் தானாகவே வருவார் என்று தெரிந்தால் மனம் அவ்வளவு அலையாது. பின்னேரம் ஐந்து மணிபோல ஒரு கொப்பியை எடுத்து, வீட்டு வரி, முழங்கால், மகன் என்று இருக்கிற கவலையெல்லாம் எழுதி, நாளைக்குச் செய்யக்கூடியது எது என்று பக்கத்தில் குறித்து மூடிவிடுங்கள். இரவில் அதே கவலை வந்தால் "கொப்பியில் இருக்கிறது" என்று சொல்லலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், செய்து பாருங்கள்.

படுக்கிற நேரத்தைப் பத்தரைக்குத் தள்ளி, எப்படிப் படுத்தாலும் ஆறு மணிக்கு எழும்புங்கள். கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணியையொட்டித்தான் விடியும், மரைன் டிரைவ் பக்கம் அரை மணித்தியாலம் நடந்தால் காலை வெளிச்சம் கண்ணில் பட்டு உடம்புக் கடிகாரம் தன்பாட்டில் சீராகும். பகல் நித்திரை அரை மணித்தியாலம், அதுவும் மூன்று மணிக்கு முன். பிளேன்டீயை மத்தியானத்தோடு நிறுத்துங்கள். தேயிலையின் கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணித்தியாலம்போல எடுக்கும். முதல் வாரம் கண்ணெல்லாம் எரிந்து என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை.

அப்படியும் முழிப்பு வந்தால் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். இருபது நிமிடம்போல் ஆகிவிட்டது என்று தோன்றினால் கட்டிலை விட்டு எழும்பி, மங்கல் வெளிச்சத்தில் சலிப்பான வேலை ஏதாவது செய்யுங்கள். நான் உள்ளி உரிப்பேன். குசினி ஸ்டூலில் இருந்து, தோல் விரலில் ஒட்டி ஒட்டி வர, ஒரு கைப்பிடி உரிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். கொட்டாவி வந்த பிறகுதான் கட்டில். கொட்டாவி வராத நாளில் அடுத்த நாள் குழம்புக்கு உள்ளி ரெடி.

இப்போது குளிசை. பக்கத்து வீட்டுக்காரர் தருவது டயசிபாம், குளோனசிபாம் வகை என்றால் நம் வயதில் அது இரவு பாத்ரூம் போகும்போது விழுத்தும், இடுப்பெலும்பு போனால் எழும்புவது பெரும் கரைச்சல். ஞாபகத்தையும் மங்கவைக்கும். ஆகவே வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் தினமும் போட்டு வந்திருந்தால் திடீரென நிறுத்தவும் வேண்டாம், டொக்டரிடம் உண்மையைச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தடிமலுக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கிற தூக்கக் குளிசையும் நம் வயதுக்கு நல்லதில்லை. தடுமாறவைக்கும், சலத்தையும் கட்டிவிடும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சாப்பாட்டில் ருசியில்லை, ஒன்றிலும் மனம் பிடிக்கவில்லை, இரண்டு வாரமாக இப்படித்தான் என்றால் அது வெறும் நித்திரைப் பிரச்சினை அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். ஈசிஜி சரி என்றாலும் நெஞ்சு நோவோடு வியர்த்து மூச்சு வாங்கினால் பயமா வருத்தமா என்று யோசிக்காமல் 1990 அம்புலன்ஸ்தான்.

கேள்வி: என் கணவருக்கு 74. இரவில் நாலு தரம் சலம் போக எழும்புகிறார், பிறகு நித்திரையில்லை. பிரஷருக்கான தண்ணிக் குளிசையை இரவுச் சாப்பாட்டோடு போடுகிறார்.
— கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்களே! தண்ணிக் குளிசை சலத்தைக் கூட்டித்தான் பிரஷரைக் குறைக்கும். அந்தக் குளிசையைக் காலைக்கு மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். சீனியையும் புரொஸ்டேட்டையும் ஒருக்காப் பார்த்துவிடுங்கள். குறட்டை நடுவில் மூச்சு நின்று திரும்ப வருகிறதா என்றும் கவனியுங்கள், அதுவும் சலத்துக்கு எழுப்பும். தண்ணீரைப் பகலில் குறைக்க வேண்டாம், இந்த வெக்கையில் தலைசுற்றி விழுவார். இரவு ஏழுக்குப் பிறகு குறைத்தால் போதும்.

கேள்வி: சாதிக்காய் போட்ட பால் குடித்தால் நித்திரை வருமா?
— தெகிவளை வாசகர்

பதில்: சூடான பால் குடிப்பது ஒரு சுகமான பழக்கம், அந்த மட்டில் நல்லது. சாதிக்காய் ஒரு சிட்டிகையோடு நிற்கட்டும். கரண்டிக் கணக்கில் போட்டால் நெஞ்சு படபடத்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும்.