பிரெஞ்சுத் தொலைபேசி பில்களை ஆங்கிலமாக்கும் பணி: ஒரு பெற்றோருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிரெஞ்சில் பி2 நிலையை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் மேல் இடைநிலை) முடித்துள்ள உங்கள் மகள், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பில்களையும் அவை சார்ந்த ஆவணங்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்ட பிறகு அந்த வேலை நிலைக்குமா என்று கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதே. மொழி மட்டும் தெரிந்தவருக்கு இத்துறையில் இனி இடம் குறைவு. ஒரு பில் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் அறிந்தவருக்கு இடம் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

‘தக்ஸாசியோன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் வரி என்றுதான் தோன்றும். ஆனால் தொலைபேசித் துறையில் அது, பேசிய நேரத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று கணக்கிடும் முறையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அதைச் ‘சார்ஜிங்’ அல்லது ‘ரேட்டிங்’ என்பார்கள். உண்மையான வரியோ அதே பில்லில் வேறு பெயரில், பிரான்ஸில் பொதுவாக 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியாக, தனியே நிற்கும். ‘அவ்வார்’ இன்னும் கவனத்துக்குரியது. அன்றாடப் பேச்சில் ‘வைத்திருத்தல்’ என்று பொருள்படும் அச்சொல், பில்லில் நிறுவனம் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையைக் காட்டும் ‘கிரெடிட் நோட்’ ஆகிவிடும். ‘அங்காஜ்மான்’ என்பது ஒப்பந்தத்தில் கட்டாயம் நீடிக்க வேண்டிய காலம். பிரான்ஸில் நுகர்வோருக்கு அது 24 மாதங்களைத் தாண்டக் கூடாது. இத்தகைய சொற்கள் பில்லின் கட்டங்களுக்குள் முன்னும் பின்னும் வாக்கியமில்லாமல் தனித்து நிற்பதால், சூழலைக் கொண்டு பொருளை ஊகிக்கும் இயந்திரம் அங்கேதான் சறுக்குகிறது.

எந்த நாட்டு ஆங்கிலம் என்பதும் முக்கியம். வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை பிரிட்டனில் ‘டைரக்ட் டெபிட்’ என்பார்கள், கனடாவில் ‘ப்ரீ-ஆதரைஸ்டு டெபிட்’ என்பார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் ‘ஆட்டோபே’. எண்களிலும் எச்சரிக்கை வேண்டும்: பிரெஞ்சில் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவதால் 19,99 யூரோ என்பது ஆங்கிலத்தில் 19.99 ஆக வேண்டும்.

தகுதியைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை மூன்று வழிகளை ஏற்கிறது: மொழிபெயர்ப்பில் பட்டம், அல்லது வேறு துறையில் பட்டத்துடன் 2 ஆண்டு முழுநேர மொழிபெயர்ப்பு அனுபவம், அல்லது 5 ஆண்டு முழுநேர மொழிபெயர்ப்பு அனுபவம். உங்கள் மகளுக்கு ஆங்கிலமும் தாய்மொழி அல்ல என்பதால், பிரெஞ்சில் அடுத்த படியான சி1 நிலையை எட்டுவதற்கு இணையாக, தெளிவான ஆங்கில வணிக நடையையும் நாள்தோறும் பழக வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கட்டணமின்றிக் கிடைக்கும் கனடா அரசின் டெர்மியம் பிளஸ் கலைச்சொல் தரவுத்தளத்தை அவர் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு, ஒரு பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டுள்ள மாதிரி பில்லை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வரியில் அது செய்யும் வேலையையும் ஆங்கிலச் சொல்லையும் எழுதி, ஐயமுள்ள இடங்களைக் குறித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துப் பார்த்த பின், எந்தப் படிப்பில் சேரலாம் என்பதை நாம் மூவரும் அமர்ந்து பேசுவோம்.