படலையடிப் பாதையில் கோரை: பொலித்தீனை முதலில் எடுத்துவிடுங்கள்

வணக்கம். கிளிநொச்சியிலுள்ள உங்கள் வளவில் கறுப்புப் பொலித்தீன் விரித்துச் சல்லி பரவிய பாதை, ஒரே மாரியில் கோரை முளைத்துத் தண்ணீரும் தேங்கும் நிலைக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு கோளாறுகளுக்கும் அந்தப் பொலித்தீனே பெரும் காரணம் என்று நினைக்கிறேன். கோரையின் முளை ஊசிபோல் கூரானதால் மெல்லிய பொலித்தீனைத் துளைத்து வெளிவந்துவிடும். நீரோ அதனூடாகக் கீழிறங்க வழியின்றி மேலேயே நிற்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னர், நிலம் காய்ந்திருக்கும்போதே சல்லியை ஒதுக்கி, பொலித்தீனை எடுத்துவிட்டு, ஏறத்தாழ ஆறு அங்குல ஆழத்துக்குக் கொத்தி, சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும் கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் காயவிடுங்கள். இலையை மட்டும் பிடுங்கினால் கிழங்கு மறுபடி துளிர்க்கும். (கொத்தும்போது போர்க்கால வெடிபொருளோ என்று ஐயம் தரும் இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள், நம் மண்ணில் இதைச் சொல்லாமல் விட முடியாது.)

பின்னர் நடுப்பகுதி சற்று உயர்ந்திருக்குமாறு மூன்று அங்குலக் கிறவலை நனைத்து இறுக்கி, நீர் ஊடுருவும் தடித்த களைத்தடுப்புத் துணியை விரித்து, அதன்மேல் முக்கால் அங்குலச் சல்லியை இரண்டு அங்குலத்துக்குப் பரவுங்கள். ஓரங்களில் கல் பதித்தால் சல்லி சிதறாது.

வேப்பஞ்சருகு உக்கி மண்ணானால் அதிலும் புல் முளைக்குமாதலால், அடிக்கடி கூட்டுங்கள். களையை அழிக்க உப்புக் கொட்டும் யோசனை வேண்டாம். கிணறு அருகில் இருக்கிறதல்லவா?