பழுதுநீக்கம் கெட்ட புற்றுக்கு, பழுதுநீக்கத்தைத் தடுக்கும் மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 36. என் அக்காவுக்கு (42) மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்துவிட்டன. மரபணுப் பரிசோதனையில் பிராக்கா-2 பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. 'டி.என்.ஏ. பழுதானால் சரிசெய்ய உதவும் புரதத்தில் குறை இருக்கிறது' என்றார் மருத்துவர். ஆனால் அவர் எழுதித் தந்த ஓலாபரிப் மாத்திரை, டி.என்.ஏ. பழுதுநீக்கத்தைத் தடுக்கும் மருந்தாம். இது அக்காவுக்குக் கெடுதல் செய்யாதா? எனக்கும் சோதனை தேவையா? செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ள நான் ஏதாவது சத்து மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: மாத்திரையைத் தொடங்கத் தயங்க வேண்டாம் என்று அக்காவிடம் முதலில் சொல்லுங்கள். உங்களுக்கு முரணாகத் தெரிகிற அந்த இடத்தில்தான் இந்த மருந்தின் பலமே இருக்கிறது. அது புரிய, செல் தன் பழுதை எப்போது, எப்படிச் சரிசெய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் வளர்கிறது (ஜி1 கட்டம்), டி.என்.ஏ.வை நகலெடுக்கிறது (எஸ்), சரிபார்க்கிறது (ஜி2), பிறகு பிரிகிறது (எம்). ஆய்வகத்தில் வளரும் மனித செல்லுக்கு இந்தச் சுற்று சுமார் 24 மணி நேரம். நகலெடுப்புக்கு மட்டும் ஏறக்குறைய 8 மணி, பிரிவதற்கு 1 மணி. கட்டத்துக்குக் கட்டம் செல்லை நகர்த்துபவை சி.டி.கே. என்ற நொதிகள். சைக்ளின் புரதங்கள் சேரும்போது அவை இயங்கும், சைக்ளின் அழிந்ததும் அடங்கும்.

டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவதுதான் மிக ஆபத்தான பழுது. அறுந்த முனையை எம்.ஆர்.என். என்ற புரதக் கூட்டு பற்றிக்கொண்டு, ஏ.டி.எம். என்ற புரதத்தை எழுப்புகிறது. ஏ.டி.எம்., பி53 என்ற காவல் புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித்துணுக்கை ஒட்டுகிறது. சாதாரண நாளில் பி53 உருவாக உருவாக எம்.டி.எம்.2 என்ற புரதம் அதை அழித்துக்கொண்டே இருக்கும். பாஸ்பேட் ஒட்டியதும் அந்தப் பிடி நழுவி, பி53 செல்லுக்குள் குவிகிறது. அது பி21 என்ற புரதத்தை உற்பத்தி செய்யவைக்க, பி21 போய் சி.டி.கே.2-ஐ அமுக்கிவிடுகிறது. நகலெடுப்பு தொடங்காது.

நகலெடுத்த பின் பழுது தெரிந்தால் தடை வேறு இடத்தில். வீ1 என்ற புரதம் சி.டி.கே.1-இன் மேல் பாஸ்பேட் ஒட்டி அதைக் கட்டிவைத்திருக்கும்; சி.டி.சி.25 என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டை அகற்றினால்தான் செல் பிரிய முடியும். பழுதுச் செய்தி வந்ததும் செக்1 என்ற புரதம் சி.டி.சி.25-ஐ முடக்கிவிடுகிறது. பழுது நீங்கும்வரை செல் காத்திருக்கும். நீங்காவிட்டால் பி53-இன் உத்தரவில் தன்னையே அழித்துக்கொள்ளும், அல்லது இனி ஒருபோதும் பிரியாத நிலைக்குப் போய்விடும்.

இந்தப் புரதங்கள் சுற்றை நிறுத்துவதோடு விடுவதில்லை. எந்த முறையில் பழுதுநீக்குவது என்பதையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஜி1-இல் பார்த்து எழுத நகல் இல்லை. எனவே அறுந்த முனைகளைச் சற்றே சீவி நேரடியாக ஒட்டுகிறது செல். வேகமான வேலைதான், ஆனால் டி.என்.ஏ.வின் சில எழுத்துகள் தொலைந்துபோகலாம். நகலெடுப்பு நடந்த பிறகோ பக்கத்திலேயே அச்சு அசலான பிரதி இருக்கிறது. அப்போது சி.டி.கே., சி.டி.ஐ.பி. என்ற புரதத்தைத் தூண்டிவிட, முனையின் ஒரு இழை அரிக்கப்பட்டு மற்ற இழை வால் போல நீள்கிறது. அந்த வாலில் ராட்51 புரதங்களை வரிசையாக அடுக்குவதுதான் பிராக்கா-2-வின் வேலை. அடுக்கியபின் வால் பிரதிக்குள் நுழைந்து, தனக்குப் பொருந்தும் இடத்தைத் தேடி, தொலைந்ததைப் பார்த்து எழுதிக்கொள்கிறது. பிழை மிகமிகக் குறைவு. செல் பிரியும் நேரம் நெருங்கியதும் அதே சி.டி.கே., பிராக்கா-2-வின் நுனியில் பாஸ்பேட் ஒட்டி, அங்கே ராட்51 பற்றிக்கொள்ளாதபடி செய்துவிடுகிறது.

இப்போது ஓலாபரிப். ஒற்றை இழையில் ஏற்படும் சிறு முறிவுகளைக் கவனிப்பது பார்ப் என்ற நொதி. இந்த மருந்து அதன் வேலையைத் தடுப்பதோடு, அதை டி.என்.ஏ.வின் மேலேயே சிக்கவும் வைக்கிறது. எஸ் கட்டத்தில் நகலெடுக்கும் இயந்திரம் அதில் வந்து மோதி, சிறு முறிவு இரட்டை முறிவாகிறது. அக்காவின் சாதாரண செல்களில் பிராக்கா-2 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது என்றாலும் மற்றொன்று நன்றாக இருக்கிறது, அதைக்கொண்டு சமாளித்துவிடும். புற்று செல்லில் பெரும்பாலும் அந்த நல்ல பிரதியும் போயிருக்கும். அது முனைகளைக் கண்டபடி ஒட்டி, குரோமோசோம்கள் சிதைந்து மடிகிறது.

ரத்தம் உண்டாக்கும் மஜ்ஜை செல்கள் வேகமாகப் பிரிபவை. அதனால் அவற்றையும் இது ஓரளவு தாக்கும். ரத்தசோகையும் அதோடு சேர்ந்த களைப்பும் வருவது இதனால்தான் பெரும்பாலும். குமட்டலும் வரலாம். வழக்கமான அளவு 300 மி.கி., 12 மணி இடைவெளியில் தினம் இரண்டு வேளை. அறுவைக்குப் பின் தடுப்பாகக் கொடுத்தால் 1 ஆண்டு. மாத்திரையை உடைக்காமல் விழுங்க வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாக்கக் கூடாது. தொடங்கும் முன்பும் பிறகு மாதந்தோறும் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்ப்பது கட்டாயம். எண்ணிக்கை குறைந்து நெடுநாள் மீளாவிட்டால், அரிதாக வரும் மஜ்ஜை நோயா என்று ஆராய வேண்டியிருக்கும். கிரேப்ஃபுரூட் பழச்சாறு, கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல் ஆகியவை மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வேறு எந்த மருந்தையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம். சிகிச்சையின்போதும் கடைசி மாத்திரைக்குப் பின் 6 மாதமும் கருத்தரிக்கக் கூடாது.

உங்கள் விஷயம்: அக்காவிடம் உள்ள அதே மாற்றம் உங்களுக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு, எனவே சோதனை அவசியம். சகோதரர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். பிராக்கா-2 மாற்றம் புராஸ்டேட் புற்றுநோய், அரிதாக ஆண்களின் மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது. பாசிட்டிவ் என்றால் ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ.யும் மேமோகிராமும் இப்போதே தொடங்க வேண்டும். கருமுட்டைப்பையை அகற்றுவது பற்றி 40-45 வயதில் முடிவெடுக்கலாம்.

பழுதுநீக்கத்தைக் கூட்டிப் புற்றைத் தடுப்பதாக நிரூபணமான சத்து மாத்திரை எதுவும் இல்லை. புகைபிடிப்போருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் நுரையீரல் புற்றுநோய் கூடவே செய்தது. புகையையும் மதுவையும் தவிர்ப்பது செல்லுக்கு வரும் பழுதையே குறைக்கும்.

சோதனைக்குப் போகும்போது அக்காவின் அறிக்கையின் நகலைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அதில் எழுதியுள்ள குறிப்பிட்ட மாற்றத்தை மட்டும் உங்களிடம் தேடினால் போதும். அது இல்லை என்று வந்தால், அக்காவிடம் உள்ள இந்த மாற்றத்தால் வரும் கூடுதல் ஆபத்து உங்களுக்கு இல்லை. 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று ஏதாவது வந்தாலோ, அதைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சை எதற்கும் சம்மதித்துவிடாதீர்கள். மரபணு ஆலோசகரிடம் காட்டுங்கள்.