அப்பாவின் பஞ்சாங்கமும் மகனின் கேள்வியும்

கேள்வி: மூத்த மகளின் வளைகாப்புக்கு நாள் பார்க்க என் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தை எடுத்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், "பணம், ராஜ்யம், சாமி எல்லாம் மனுஷன் கட்டின கதை. அறிவியல் ஒன்றுதான் நிஜம்" என்று சொல்லிவிட்டான். பத்து நாளாக அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. நான் யார் பக்கம் பேசுவது?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரி,

மகனை "வாயை மூடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் கேட்டது நல்ல கேள்வி. ஐநூறு ரூபாய் நோட்டு காகிதம்தான். காசிமேட்டு மீன்காரம்மா அதை நம்பி வஞ்சிரம் தருவதால்தான் அது பணம். அதுவரைக்கும் அவன் பேச்சு சரி. ஆனால் மூன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அறிவியலை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறானே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. சரித்திரத்தில் இவை எங்கே தனித்தனியாக இருந்தன?

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலுக்கு அவனைக் கூட்டிப் போங்கள். பல்லவன் அபராஜிதன் காலத்திலேயே அங்கே கல்லில் வரவு செலவு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பொன் கொடுப்பார், ஊர்ச்சபை அதை வாங்கிக்கொள்ளும், ஆண்டுதோறும் அதன் வட்டியில் நந்தா விளக்கு எரியும். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல் விமானம் எழுந்தது. கட்டியவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன். அவர் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. (ராஜா பெயரை யாரும் எழுதுவார்கள், தச்சன் பெயரைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.) வியாகரண தான மண்டபம் என்று இலக்கணப் படிப்புக்கே ஒரு மண்டபமும் அந்தக் கோயிலில் இருந்தது.

பக்கத்திலேயே காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னைப் பட்டணத்தில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, துணி நெய்ய நெசவாளர்களைக் குடிவைத்த இடம். காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. அங்கேயும் ஒரு பெருமாள் கோயில்.

சரி, அறிவியலாவது தனியாக வந்ததா? நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாய்வுக் கூடம் கட்டியது அதே கும்பினிதான். கப்பல் ஓட்டவும் நிலத்தை அளக்கவும் அவர்களுக்கு நட்சத்திரக் கணக்கு வேண்டியிருந்தது. பின்னாளில் அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867-ல், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பஞ்சாங்கக் கணக்கு, வானத்தில் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். உங்கள் வீட்டில் இருப்பது பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா? மகனையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை என் பாட்டி கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார். ஹைதர் அலிக்கும் கும்பினிக்கும் நடந்த சண்டையில் கிராமங்கள் பாழாகி, பஞ்சம் பிழைக்கச் சனங்கள் பட்டணத்துக்கு ஓடிவந்தார்கள். அவர்களுக்கு 1782-ல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். பசியோடு வந்தவர்களுக்கு நோயும் இருந்தது, அப்புறம் அங்கே மருந்தும் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி வளர்ந்தது அந்தத் தர்மத்திலிருந்துதான். ஆனால் அந்தப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது ராஜ்ய ஆசை. இதைப் பிள்ளை கேட்டால் அப்பா கோபப்படக் கூடாது. சாமியை நம்புகிறவருக்கும் அந்தக் கேள்வி உண்டு.

நாள் பார்ப்பது அப்பாவின் ஆசை. அதை நாலு பேர் முன்னால் வெட்டிப் பேசியதற்கு மகன் வருத்தம் சொல்லட்டும். அவர் பதிலுக்கு அவன் கேள்வியை முழுசாகக் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் மூன்று பேரும் திருவொற்றியூர் போய்விட்டு வாருங்கள். கல்வெட்டு எழுத்து இருவருக்குமே சட்டென்று பிடிபடாது. அப்பாவும் பிள்ளையும் சுவர் பக்கம் நின்று எழுத்துக்கூட்டிப் பார்க்கட்டும், நீங்கள் கொஞ்ச நேரம் மண்டபத்தில் உட்காருங்கள்.