மருத்துவம் நோக்கிய முதல் ஆண்டு (கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா,

ஒகாயோ மாநிலத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். பள்ளிப் பருவத்தின் நடுவில்தான் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தேன் என்பதால் தமிழில் எழுத முடிகிறது. மருத்துவராக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் ப்ரீ-மெட் வழியில் சேர்ந்தவுடனே என் இலக்குகளை ஒரு தாளில் எழுதி அறைச்சுவரில் ஒட்டினேன்: ஜிபிஏ என்னும் மதிப்பெண் சராசரி நாலுக்கு 3.9, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 520, ஓர் ஆய்வகத்தில் இடம், மருத்துவமனையில் 200 மணி நேரத் தன்னார்வப் பணி, ஒரு மாணவர் அமைப்பில் தலைமைப் பொறுப்பு.

முதல் செமஸ்டரில் பொது வேதியியலில் சி பிளஸ் வந்தது. இரவெல்லாம் விழித்து, தீர்த்துக் காட்டிய கணக்குகளைத் திரும்பத் திரும்பப் படித்தும் இதுதான் கிடைத்தது. மருத்துவமனையிலும் மருத்துவம் என்று சொல்லும்படி எதையும் நான் செய்யவில்லை. சக்கர நாற்காலி தள்ளுகிறேன், போர்வைகளை அடுக்குகிறேன். ஒருநாள் எக்ஸ்ரே எடுக்க அழைத்துச் சென்ற ஒரு மூதாட்டி தம் பல்செட்டைக் கழற்றி என்னிடம் தந்து, வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே என்றார். வரிசை நகரவே இல்லை. அதை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவர் பக்கத்தில் நின்றேன். அந்த நேரத்தில் ஒரு பாடம் படித்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

எனக்கு வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுக்க ஆசை. பெற்றோர் உயிரியல்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். சி பிளஸ் பற்றி அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வழியில் நான் தொடரலாமா?

ம.

அன்புள்ள ம.,

நோயாளரை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு விவரங்களை நீக்கிவிட்டு உங்கள் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். நோயாளர் விவரங்களின் இரகசியத்தைக் காக்கும், ஹிப்பா என்று அழைக்கப்படும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனைத் தன்னார்வலர்களுக்கும் பொருந்தும் என்பதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். இனி யாருக்கு எழுதினாலும் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் முதலாண்டு வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்த சி பிளஸிலிருந்தே தொடங்குகிறேன். அதன் உண்மையான எடை என்ன என்று முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். பட்டத்துக்குத் தேவையான ஏறக்குறைய 120 கிரெடிட்டுகளில் இது நான்கு கிரெடிட். ஏ வாங்கியிருந்தால் 4.0, இப்போது 2.3, நான்காண்டு முடிவில் மொத்த ஜிபிஏவில் இது உண்டாக்கும் வேறுபாடு 0.06 கூட இல்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றை மட்டும் சேர்த்து மருத்துவக் கல்லூரிகள் தனியாகப் பார்க்கும் அறிவியல் ஜிபிஏவில், அவை 50 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், 0.14 அளவுக்குக் குறையும். இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது என்றாலும், இதற்காக வழியை மாற்ற வேண்டியதும் இல்லை. மருத்துவக் கல்லூரிகளில் இடம் பெறுவோரின் சராசரி ஜிபிஏ 3.7க்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அதே பாடத்தை மீண்டும் எடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் பழைய மதிப்பெண்ணும் புதியதும் இரண்டுமே கணக்கில் சேரும். சி பிளஸைத் துடைக்க முயல்வதைவிட, அடுத்து வரும் கரிம வேதியியலில் நன்றாகச் செய்வதே பயன் தரும்.

நன்றாகச் செய்ய முடியுமா என்பதற்கான விடை, நீங்கள் தற்செயலாக எழுதிய ஒரு தொடரில் இருக்கிறது. தீர்த்துக் காட்டிய கணக்குகளைத் திரும்பத் திரும்பப் படித்ததாகச் சொல்கிறீர்கள். பள்ளியில் சிறந்து விளங்கி, முதலாண்டு வேதியியலில் தடுமாறிய மாணவர்களிடம் நான் மிக அதிகமாகக் கண்ட பழக்கம் இதுதான். தீர்வு கண்முன் இருக்கும்போது ஒவ்வொரு வரியும் இயல்பாக அடுத்த வரிக்குப் போவதாகத் தோன்றும். புரிந்துவிட்டது என்று மனம் நம்பிவிடும். தேர்விலோ, அடுத்த வரி எது என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் கணக்கைத் தொடங்குங்கள். எந்த வரியில் நின்றுவிட்டீர்களோ அந்த வரியின் கீழ் ஒரு கோடு போடுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் ஆபீஸ் அவர்ஸுக்குப் போங்கள். எதுவுமே புரியவில்லை என்று வந்து நிற்கும் மாணவருக்கு ஆசிரியரால் செய்ய முடிவது கொஞ்சமே. இந்த இடத்தில் நின்றுவிட்டேன் என்று காட்டுபவருக்குச் சில நிமிடங்களில் வழி திறந்துவிடும்.

வேதியியலைத் தாண்டவேண்டிய தடையாக மட்டும் நீங்கள் பார்ப்பதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த செமஸ்டரில், அமிலத் தன்மை அதிகம் மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல்கள் வரும். ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டை எழுதச் சொல்வார்கள். அந்த இருவரும் மருத்துவம் படித்தவர்கள். ஹெண்டர்சன் 1908இல் எழுதியதை ஹாசல்பால்க் சில ஆண்டுகளுக்குப் பிறகு மடக்கை வடிவத்துக்குக் கொண்டுவந்தது இரத்தத்தின் அமிலத் தன்மையை அளப்பதற்காகவே. நலமாக இருக்கும் ஒருவரின் இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு ஏறத்தாழ 24 மில்லிமோல். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, அதன் அழுத்தமான 40ஐ 0.03ஆல் பெருக்கினால், 1.2. இவற்றின் விகிதம் 20. இருபதின் மடக்கை 1.3, அதோடு சமன்பாட்டின் மாறிலியான 6.1ஐக் கூட்டினால் 7.4, அதாவது நம் இரத்தத்தின் பிஎச். இப்போது கட்டுப்பாடு இழந்த நீரிழிவினால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய பைகார்பனேட் 12க்கு இறங்கிவிட்டது. விகிதத்தைக் காக்க உடலிடம் உடனடியாக உள்ள ஒரே வழி, மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் இழுத்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவது. அதனால் முழுமையாக ஈடுகட்ட முடியாது. ஆனாலும் உடல் விடாமல் முயல்கிறது. அவசரப் பிரிவில் அப்படி மூச்சிரைக்கும் ஒருவரைப் பார்க்கும்போது, ஒரு பின்னத்தின் கீழ்ப்பகுதியைக் குறைக்க அவர் உடல் பாடுபடுவது உங்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கான பாடத்தில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அடுத்து, சுவரில் ஒட்டிய தாள். அதைக் கிழிக்கச் சொல்லமாட்டேன். 2023இல் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளுக்கு (இங்கே எம்.டி. என்பது மருத்துவத்தின் முதல் பட்டம்) 52,000 பேருக்கு மேல் விண்ணப்பித்ததில் ஏறக்குறைய 23,000 பேர்தான் சேர்ந்தார்கள். 472இலிருந்து 528 வரை மதிப்பெண் தரப்படும் எம்கேட்டில், சேர்ந்தவர்களின் சராசரி 511ஐ ஒட்டி இருக்கிறது. இப்படிப்பட்ட போட்டியில் எண்களை அலட்சியம் செய்வது முடியாத காரியம். ஆனால் உங்கள் தாளில் உள்ள ஐந்தும் தேர்வுக்குழு காண்பதற்காக எழுதப்பட்டவை. நோயாளிகளுடன் வாழ்நாள் முழுக்க இருக்க உங்களால் முடியுமா, அதை நீங்கள் விரும்புகிறீர்களா என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை. முதலாண்டில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் விடை இல்லை என்று வந்தாலும் இழப்பின்றி வேறு துறைக்குத் திரும்ப இந்த ஆண்டில்தான் முடியும். இந்த நாட்டில் பட்டப்படிப்பு நான்காண்டு, மருத்துவக் கல்லூரி நான்காண்டு, அதன்பின் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி, துறையைப் பொறுத்து மூன்றிலிருந்து ஏழாண்டு. மருத்துவக் கல்லூரியின் கடன் ஏறிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் நிலை மிகவும் கடினமானது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது அந்தப் பல்செட். வயது முதிர்ந்த ஒருவர் முன்பின் அறியாத இளம்பெண்ணிடம் அதைக் கழற்றிக் கொடுப்பது எளிதல்ல. பல்செட் இல்லாத முகத்தோடு அயலார் நடுவே காத்திருக்க அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். மருத்துவமனைகளில் பல்செட்டும் காதுக்கருவியும் உணவுத்தட்டோடோ படுக்கை விரிப்போடோ போய்த் தொலைவது அடிக்கடி நடப்பது; மூதாட்டிக்கு அது தெரிந்திருக்கலாம். நீங்கள் அகலாமல் நின்றீர்கள். படிப்பு பாழாகிறதே என்று மனம் உறுத்தியும் டப்பாவை வேறு யாரிடமும் தந்துவிட்டு நகரவில்லை. நீங்கள் கேட்கும் கேள்விக்கு உங்கள் நடத்தையிலேயே ஒரு பகுதி விடை இருப்பதாக நான் கருதுகிறேன்.

ஸ்டான்ஃபோர்டில் மருத்துவப் பேராசிரியராக இருக்கும் ஆபிரகாம் வர்கீஸ், எத்தியோப்பியாவில் அரசியல் கொந்தளிப்பால் படிப்பு தடைப்பட்டு அமெரிக்கா வந்தபோது, மருத்துவமனைகளில் நோயாளிகளைத் தூக்கி, துடைத்து, இடம் மாற்றும் கடைநிலை ஊழியராக வேலை செய்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். மருத்துவர் அறையை விட்டுப் போன பிறகு நாள் முழுவதும் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்பதை அந்த வேலைதான் தமக்குக் காட்டியது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு மருத்துவரின் பின்னால் நடந்து கவனிப்பதற்கு வாய்ப்புக் கிடைத்தால் அதையும் செய்யுங்கள், தேவைதான். ஆனால் போர்வை அடுக்குபவருக்குத் தெரிவது, மருத்துவரோடு வேகமாக அறைக்கு அறை செல்பவருக்குத் தெரிவதில்லை. 200 மணி நேரம் என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளும் அதே ஏட்டில், ஒவ்வொரு நாளும் எதைப் பார்த்தீர்கள், எதனால் சங்கடப்பட்டீர்கள் என்று பெயரும் அடையாளமும் இல்லாமல் சில வரிகள் எழுதி வாருங்கள். விண்ணப்பக் கட்டுரைக்கு அது உதவும். உங்களுக்கு நீங்களே விடை சொல்லிக்கொள்ள அதைவிட அதிகமாக உதவும்.

வரலாறு பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். தேவையான அறிவியல் பாடங்களை முடித்தால் போதும், முதன்மைப் பாடம் எதுவாகவும் இருக்கலாம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987இலேயே வரலாறு, இலக்கியம் போன்ற மனிதப்பண்பியல் துறை மாணவர்களுக்கென்று தனிச் சேர்க்கை தொடங்கியது. அவர்கள் மற்றவர்களுக்கு இணையாகவே தேர்ச்சி பெற்றதாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்களுக்குப் பிடித்த பாடத்தில் நல்ல மதிப்பெண் வரும் என்பதும் ஒரு காரணம்.

பெற்றோரிடம் சி பிளஸைப் பற்றி இந்த வாரமே சொல்லிவிடுங்கள். எத்தனை மதிப்பெண் குறைந்தது என்பதோடு நிறுத்தாமல், ஏன் குறைந்தது, இனி எப்படிப் படிக்கப் போகிறீர்கள், மொத்த ஜிபிஏவில் அது எவ்வளவு என்ற கணக்கு எல்லாவற்றையும் முன்வைத்துப் பேசுங்கள். நம் ஊரில் அந்நாளில் பன்னிரண்டாம் வகுப்போடு மருத்துவ வாய்ப்பு முடிந்துவிட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டம் பெற்று ஓராண்டோ அதற்கு மேலோ வேறு பணி செய்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதையும் அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். வரலாறு பற்றிய பேச்சை அதன்பிறகு எடுக்கலாம்.

தொடருங்கள். கரிம வேதியியல் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.